ஹிருதயத்தின் உறையும் வடக்குச் சாலையும்

1559-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் வெளியான தமது சரீர சாஸ்திர நூலில், ரேயால்டோ கொலம்போ என்னும் இத்தாலிய வைத்தியர், தாம் அறுத்து ஆராய்ந்த ஒரு சவத்தில் ஹிருதயத்தைப் போர்த்தியிருக்க வேண்டிய ஜவ்வுப்பை அடியோடு இல்லாதிருந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். பிறவியிலேயே அப்பை அமையாதவர்கள் அதன் பின்னரும் அங்கங்கே காணப்பட்டிருக்கிறார்கள்; அவர்களிற் சிலர் தங்களுக்கு இப்படியொரு குறை இருப்பதையே அறியாமல் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள். நோயின் காரணமாக வைத்தியர்கள் அதை வெட்டி எடுத்துவிட்டாலும் மனிதன் பிழைத்து எழுந்து நடமாடுகிறான். இல்லாமலே காலந்தள்ளக்கூடிய ஓர் அவயவத்துக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டியை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பெரியபாளையத்துக்கு வழி பிரியும் இடத்தில் இருக்கும் புதுவாயலையும், அதைச் சுற்றி ஆரணியாற்றங்கரையிலும் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்திலும் பரந்து கிடக்கும் ஊர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், க்ஷயரோகத்தின் கதையும் தோல் பதனிடும் தொழிலின் கதையும் இந்த ஒரு பையில் வந்து கூடுகின்றன. முன்னது அந்தப் பையைக் கல்லாக்கிய கதை. பின்னது கசாப்புக்காரன் வீசியெறியும் பையைப் பழுதுபட்ட ஹிருதயத்துக்குக் கதவாக்கிய கதை.

உறையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிப்புறம் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய, இழுத்தால் எளிதில் இளகிக்கொடுக்காத ஒரு சுவர். அதன் உட்புறத்தில் வழவழப்பான மெல்லிய ஜவ்வு. இந்த ஜவ்வு சுவரின் உட்பக்கத்தைத் தழுவிச் சென்று, பெரிய ரத்தக் குழாய்கள் புறப்படும் இடத்தில் மடங்கித் திரும்பி, ஹிருதயத்தின் மேனியையே போர்த்திவிடுகிறது. இவ்விரண்டு மடிப்புகளுக்கும் நடுவே, வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், 15 மில்லிலிட்டரிலிருந்து 50 மில்லிலிட்டர் வரையில், எந்நேரமும் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை சுருங்கி விரியும் ஹிருதயம் உராய்வின்றித் தன் வேலையைச் செய்வது இந்தச் சிறிதளவு நீரின் உபகாரத்தினால்தான். கீழே உதரவிதானத்தோடும் முன்னே மார்பெலும்போடும் உறை பிணைக்கப்பட்டிருப்பதால், நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒருக்களித்துப் படுத்தாலும் ஹிருதயம் இடம் பெயர்ந்து அலைவதில்லை. திடீரென்று ரத்தம் பெருகி வந்து சேரும்போது அது அளவுக்கு மீறிப் புடைத்துவிடாமலும் உறை காத்துக்கொள்கிறது. ஆடு உரிக்கும் கடைக்காரர் நெஞ்சைப் பிளந்து ஈரலை எடுத்த கையோடு, கத்தி நுனியால் ஒரு கீறல் கீறி, ஹிருதயத்தைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு, அந்தப் பையை நாய்களுக்கு எறிந்துவிடுவதைப் பார்த்தவர்கள் மேற்சொன்ன யாவற்றையும் கண்ணாலேயே கண்டவர்கள்.

சாஸ்திரக்காரர்களும் வெகுகாலம் வரையில் இதற்கு அதிக மதிப்புக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. ஹிப்போகிராட்டஸ் என்னும் யவன வைத்தியரின் பெயரால் வழங்கிவரும் ஏடுகளுள் ஹிருதயத்தைப் பற்றிய சிறு நூல் ஒன்று உண்டு. அதில் இவ்வுறையும், அதற்குள்ளே சிறுநீரைப் போன்ற நீர் கொஞ்சம் இருப்பதும் சொல்லப்பட்டிருக்கின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்பவர் ஒரு படி மேலே சென்றார். அடிபட்டு மார்பெலும்பு சீழ் பிடித்துப்போன ஓர் அடிமைச் சிறுவனைப் பிற வைத்தியர்கள் தொடுவதற்கு அஞ்சிய நிலையில், அவர் அழுகிய எலும்பை வெட்டி எடுத்தார். அதன் கீழே உறையும் அழுகிக் கிடந்ததால் ஹிருதயம் திறந்தபடி துடிப்பதைக் கண்ணாரக் கண்டார். அச்சிறுவன் குணமடைந்தான் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ரண சிகிச்சையின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான காரியங்கள் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் உறை கெட்டால் உயிர் எவ்வாறு போகிறது என்னும் காரணத்தை அறிய, அதன் பிறகு ஆயிரத்தைந்நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காரணத்தைத் தெளிவாக எழுதியவர் ரிச்சர்டு லோவர் என்னும் ஆங்கிலேயர். அவருடைய ஹிருதய நூல் 1669-இல் லண்டனில் வெளியாயிற்று. அக்காலத்தில் புதுவாயலுக்குக் கிழக்கே உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியாக் கோட்டையில் இருந்துகொண்டு தங்கள் சோழமண்டலக் கரை வாணிகம் முழுவதையும் நடத்திக்கொண்டிருந்தார்கள். தெற்கே ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனியார் தங்கள் சிப்பாய்களுக்காக ஓர் ஆஸ்பத்திரியை வைத்து ஐந்து வருஷங்களே ஆகியிருந்தன. 1664-இல் தொடங்கிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியே பின்னர் வளர்ந்து சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி ஆயிற்று. லோவர் கண்டு சொன்னது இதுதான்: உறைக்குள் நீர் பெருகிவிட்டால், அந்த நீர் ஹிருதயத்தை நாற்புறமும் அமுக்குகிறது, அமுங்கிய ஹிருதயம் விரிய முடியாமற்போகிறது, விரிய முடியாததனால் அதற்குள் ரத்தம் வந்து நிரம்ப வழியில்லை, நிரம்பாத ஹிருதயம் எத்தனை வேகமாகத் துடித்தாலும் வெளியே அனுப்ப அதனிடம் ஒன்றும் இல்லை. உறையின் சுவர் இளகிக்கொடுக்காத இயல்புடையதாகையால், நீரின் அளவைவிட அது சேரும் வேகமே பெரிது. கத்திக் குத்தினாலோ வேறு காயத்தினாலோ கண்மூடித் திறப்பதற்குள் 200 மில்லிலிட்டர் ரத்தம் அங்கே தேங்கினால் ஆள் பிழைப்பது அரிது. ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீர் மெல்ல மெல்லச் சேருமானால், உறையும் மெல்ல மெல்ல இடங்கொடுத்து, ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீரைத் தாங்கிக்கொண்டு நோயாளியை நடமாட விட்டிருப்பதும் உண்டு.

ஜெர்மனியில் அடால்ப் குஸ்மௌல் 1873-இல் இன்னொரு நுட்பத்தைக் கவனித்தார். இத்தகைய நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது கைநாடி நலிந்து மறைகிறது. வெளியே விடும்போது திரும்பி வருகிறது. கைநாடி மறையும் அதே நேரத்தில் ஹிருதயத்தின் மீது காதை வைத்துக் கேட்டால் அது நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. நாடி பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்த நம் நாட்டில், நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து மூச்சோடு மூச்சாகக் கவனித்த எத்தனையோ வைத்தியர்களுடைய விரல்களுக்கு இந்த மறைவு தட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மார்பின் மேல் காதை வைத்து அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் வழக்கத்தில் இல்லை.

நீர் சேர்ந்தது தெரிந்தால் அதை வெளியே எடுக்க வேண்டியதுதானே? சொல்வதற்கு எளிது. ஹிருதயத்தின் பக்கம் ஊசியைக் கொண்டுபோவதென்றால் யாருக்குத்தான் கை நடுங்காது? 1840-இல் வியன்னா நகரத்தில் பிரான்ஸ் ஷூ என்பவர் துணிந்து அந்த நீரை எடுத்தார். எந்த இடத்தில் குத்துவது என்பதைப் பற்றி நெடுநாள் விவாதம் நடந்தது. 1911-இல் பாரிஸ் நகரத்து மார்பான் காட்டிய வழியே இறுதியில் நிலைத்தது. மார்பெலும்பின் அடிநுனிக்கும் இடப்புற விலாவின் விளிம்புக்கும் இடையே சிறு குழி ஒன்று இருக்கிறது. நோயாளியைப் பாதி சாய்ந்தும் பாதி உட்கார்ந்தும் இருக்கும்படி தலையணை கொடுத்து நிறுத்தி, அந்தக் குழியை மரத்துப்போகச் செய்து, நீண்ட ஊசியை இடது தோளை நோக்கிச் சாய்வாக, உறிஞ்சிக்கொண்டே உள்ளே செலுத்துகிறார்கள். சுவரைத் துளைக்கும்போது விரல்களுக்கு ஒரு சிறு ‘சடக்’ தெரிகிறது. அடுத்த கணத்தில் சிரிஞ்சினுள் நீர் பாய்கிறது. வைக்கோல் நிறமா, கள்ளிச் சொட்டாய்க் கலங்கலா, ரத்தங் கலந்ததா என்பதை அங்கேயே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஐம்பது, நூறு மில்லிலிட்டர் இறங்குவதற்குள்ளாகவே கழுத்தில் கயிறு கயிறாய்ப் புடைத்திருந்த நரம்புகள் தணிகின்றன. வியர்த்துக் குளிர்ந்திருந்த கையில் நாடி திரும்புகிறது. அதுவரை படுக்க மாட்டாமல் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்தவர் தலையைச் சாய்த்துக்கொள்கிறார். சாவுக்கும் பிழைப்புக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு சிறிது நீராக அளவிடப்படுவது வைத்தியத்தில் வேறெங்கும் அபூர்வம். 1965-க்குப் பிறகு, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியலையைச் செலுத்தி இந்த நீரைத் திரையில் காணும் முறையை அமெரிக்காவில் பெய்கன்பாம் நிலைநாட்டினார். அது முதல் ஊசி இருட்டில் தடவிச் செல்வது பெரும்பாலும் நின்றுபோயிற்று.

இனி நம் ஊர்ப்பக்கத்துக்கு வருகிறேன். மேல்நாட்டுப் பாட நூல்களில் இவ்வுறையின் வீக்கத்துக்கு முதற்காரணமாகக் கிருமிகளுள் மிக நுண்ணிய வைரஸ்களைச் சொல்வார்கள். நம் தேசத்தில் நெடுங்காலம் அப்படி இல்லை. புதுவாயல், கவரைப்பேட்டை, பொன்னேரி ஊர்களிலிருந்து ரயிலேறியோ பஸ் ஏறியோ ‘நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது’ என்று சொல்லிக்கொண்டு சென்னைக்குப் போனவர்களுக்கு, அந்த நீர் நுரையீரலின் உறையில் இருந்தாலும் ஹிருதயத்தின் உறையில் இருந்தாலும், அதன் வேரில் இருந்தது பெரும்பாலும் ஒரே வியாதி. அதை எலும்புருக்கி என்றும், க்ஷயம் என்றும், காசநோய் என்றும், இப்போது ‘டிபி’ என்றும் சொல்கிறார்கள். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததனால் இன்றைக்கும் வடசென்னைக்காரர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்லும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிதான் வடக்குச் சாலைக்காரர்களுக்கு முதல் வாசல்.

1882-இல் ராபர்ட் காக் கண்டுபிடித்துச் சொன்ன அந்தக் கிருமி மூச்சின் வழியாக நுரையீரலில் நுழைந்து, அங்கிருந்து மார்பின் நடுவே உள்ள நிணநீர்க் கட்டிகளில் தங்கி, அவை உடைந்தோ கசிந்தோ பக்கத்திலிருக்கும் ஹிருதய உறைக்குத் தாவுகிறது. மாலைதோறும் லேசான காய்ச்சல், இளைப்பு, மேல்மூச்சு, கால் வீக்கம் என்று அது மெல்லத் தலைகாட்டும். மருந்து தோன்றாத காலத்தில் இப்படி நீர் கோத்தவர்களுள் பத்தில் எட்டு ஒன்பது பேர் மாண்டுபோனார்கள். மிஞ்சியவர்களிலும் சிலருக்கு நோய் வேறு உருவம் எடுத்தது. நீர் வற்றியது; ஆனால் இரண்டு மடிப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்து, சுருங்கி, காலப்போக்கில் சுண்ணாம்பு படிந்து ஓடாக இறுகின. இறுகிய ஓட்டுக்குள் அடைபட்ட ஹிருதயம் விரிய மாட்டாமல் திணற, திரும்பி வரும் ரத்தம் வழியில் தேங்கி, முதலில் ஈரல் வீங்கிப் பிறகு வயிறு பெருத்துவிடும். நாட்டு வைத்தியத்தில் இதை மகோதரம் என்று கொண்டு சிகிச்சை செய்திருப்பார்கள். அதற்காக அவர்களைக் குறை கூறுவது தகாது, ஏனெனில் இந்த நோயை ஈரல் நோய் என்று மயங்குவது படித்த டாக்டர்களிடமும் இன்றுவரை நடப்பதே. வயிற்றை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கழுத்து நரம்பை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரிந்தது.

ஆகவே நமது ஜில்லாவில் ஹிருதய உறையின் சரித்திரம் என்பது பெரும்பாலும் க்ஷயரோகத்தோடு நடந்த போரின் சரித்திரமே. அந்தப் போர் முதலில் காற்றையும் வெயிலையும் நம்பி நடந்தது. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோக ஆரோக்கிய நிலையம் நடத்தி, கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை செய்த டாக்டர் சவரி முத்து, தாய்நாடு திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஓர் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். ஊருக்கே ‘சானடோரியம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ நூற்றுக்கணக்கில். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநயாசிட்டும் வந்த பிறகு, மருந்தை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் போதாதா என்னும் கேள்வி எழுந்தது. அதைத் தீர்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி சபையும் கூடி 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு கேந்திரத்தைத் திறந்தன. வாலஸ் பாக்ஸ் தலைமையில் அங்கே 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போலப் பிரித்து, ஒரு சாராரை ஆரோக்கிய நிலையத்தில் பாலும் முட்டையும் ஓய்வுமாக வைத்தும், மற்றொரு சாராரை அவர்களுடைய நெரிசலான குடிசைகளிலேயே அரைகுறைச் சாப்பாட்டோடு விட்டும், இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷ முடிவில் இரு சாராரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள்; வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் க்ஷயரோக ஆஸ்பத்திரிகளின் வாசலைத் திறந்து நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிற்று. சென்னையின் ஏழைகளைக் கொண்டு உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் இதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த பெரிய சோதனை இன்னும் அருகில் நடந்தது. பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் 1997 வரையில் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களை உள்ளடக்கிய பிரதேசத்தில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பலாபலனை அறியும் சோதனை தொடங்கிற்று. கல்மெத், கெரான் என்னும் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கி 1921 முதல் மனிதருக்குப் போட்டுவந்த இந்த ஊசியை நம் கிண்டி ஆராய்ச்சிச்சாலையும் 1948 முதல் தயாரித்துவந்தது. ஆயினும் அது எவ்வளவு தூரம் காக்கிறது என்பதில் சீமை வித்வான்களுக்குள்ளே ஒற்றுமை இல்லை. வீடு வீடாகப் பெயரெழுதி 3,66,625 பேரைக் கணக்கெடுத்து, அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசியையோ ஊசியைப் போன்ற வெறும் நீரையோ, யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாதபடி போட்டார்கள். பிறகு பதினைந்து வருஷம், இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை, எக்ஸ்ரே எடுத்தும் சளியைச் சோதித்தும் ஊர் ஊராகத் தொடர்ந்து சென்றார்கள். முடிவு ஏமாற்றமாக இருந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வு க்ஷயம் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது என்பது வேறு நாட்டு ஆராய்ச்சிகளால் நிலைபெற்றதனால், பிறந்த குழந்தைகளுக்குப் போடுவது மட்டும் தொடர்கிறது. ‘வீண் செலவு’ என்று இந்தச் சோதனையை அக்காலத்தில் சிலர் இகழ்ந்ததை நான் ஒப்புக்கொள்வதில்லை. பயனில்லை என்று அறிந்துகொள்வதும் அறிவே. கிராம ஜனங்கள் பதினைந்து வருஷம் சலிக்காமல் கையை நீட்டியதற்கு எந்தச் சாலை முனையிலும் ஒரு கல்வெட்டு இல்லை என்பதுதான் எனக்குள்ள குறை.

உறையை நோய் தீண்டிவிட்டால், மருந்தோடு வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டிராய்டையும் கொடுத்தால் என்ன என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கை பிரதேசத்தில் 1980-களில் ஆராய்ந்தார்கள். பிறகு போங்கானி மயோசி என்னும் தென்னாப்பிரிக்க வைத்தியர் தலைமையில் ஆப்பிரிக்காவின் பல தேசங்களில் 1,400 பேரிடம் நடந்த சோதனை 2014-இல் வெளிவந்தது. ஸ்டிராய்டு மரணத்தைக் குறைக்கவில்லை, ஆனால் உறை இறுகி ஓடாவதைக் குறைத்தது என்பது அதன் சாரம்.

இறுகியே போனவர்களுக்குக் கத்தி ஒன்றே கதி. உறையை உரித்தெடுக்கலாம் என்று 1898-இல் பாரிஸில் தெலோர்ம் யோசனை சொன்னார். ஜெர்மனியில் ரேனும் சௌவர்பிருக்கும் முதல் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் அதைச் செய்து காட்டினார்கள். பாஸ்டனில் சர்ச்சில் 1928-இல் செய்தார். அதே பாஸ்டன் நகரத்திலிருந்து வந்த ரீவ் பெட்ஸ்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் இந்தியாவின் முதல் நெஞ்சக ரண சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர். ஹிருதயத்தை நிறுத்தி வைத்து உள்ளே திறக்கும் யந்திரம் வருவதற்கு முன்பே செய்யக்கூடியதாக இருந்த சில ஹிருதய சிகிச்சைகளில் இந்த உரிப்பும் ஒன்று. பழவேற்காட்டு ஏரியில் வாரியெடுத்த கிளிஞ்சல்களைப் போல, சுண்ணாம்பு ஏறிய தகடுகள் துடிக்கும் சதையில் பதிந்து கிடக்கும். அவற்றைப் பெயர்க்கையில் கீழே உள்ள சதை கிழிந்தால் அந்தக் கணமே ரத்தம் பீறிடும். எந்தப் பக்கத்தை முதலில் விடுவிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இடப்புற அறையை முதலில் விடுவிக்க வேண்டும். வலப்புற அறையை முந்தி விடுவித்துவிட்டால், அது நுரையீரலுக்கு ரத்தத்தை வாரி இறைக்க, இன்னும் ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும் இடப்புறம் அதை ஏற்று வெளியேற்ற மாட்டாமல் நுரையீரல் வெள்ளக்காடாகிவிடும். மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலையில் அவசரக்காரருக்கு இடமில்லை.

தோல் தொழிலுக்கு வருவோம். ஆவாரம் பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிடுவது சென்னை ராஜதானியின் பழைய தொழில். அப்படிப் பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பெரியமேட்டுக் கிடங்குகளிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையை இங்கே பரிசோதித்துப் பரப்பினார்; பல்லாவரத்துக்கு அருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனியினால் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே உண்டாயிற்று; 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பதனிடுவது என்பது என்ன? அழுகும் தன்மையுள்ள தோலின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, கிருமிக்கும் நீருக்கும் இடங்கொடாமல், ஆனால் வளையும் குணம் போகாமல் நிலைநிறுத்துவது. 1960-களில் பாரிஸில் அலேன் கார்ப்பன்டியே, பன்றியின் ஹிருதய வால்வை எடுத்து மனிதருக்கு வைத்துப் பார்த்து, அது சில மாதங்களிலேயே நைந்துபோவதைக் கண்டு மனம் சோர்ந்திருந்த சமயத்தில், அவருக்குக் கைகொடுத்தது தோல் பதனிடுவோருக்குப் பழக்கமான குளூட்டரால்டிஹைடு என்னும் ரசாயனம். 1968 முதல் அதில் ஊறவைத்த வால்வுகள் வருஷக்கணக்கில் நிலைத்தன. 1971-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மரியன் அயோனெஸ்கு என்பவர், வால்வுக்கு வால்வே எதற்கு, அதைவிட உறுதியான தகடு ஒன்று கன்றுகளின் நெஞ்சில் வீணாகப் போகிறதே என்று எண்ணி, கன்றின் ஹிருதய உறையைப் பதனிட்டு, மூன்று இதழ்களாகக் கத்தரித்து, சட்டத்தில் தைத்து வால்வாக்கினார். 2002 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரத்தில் அலேன் கிரிபியே மார்பைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியாகவே கொண்டுபோய்ப் பொருத்திய முதல் வால்வும் மாட்டின் உறையினால் ஆனதே.

நம் தேசத்துக்கு இது ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் நம் ஏழைக் குழந்தைகளின் வால்வுகளைக் கெடுத்துவிடுகிறது. இருபது முப்பது வயதிலேயே மாற்ற வேண்டியதாகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்கு வைத்த சித்திரா வால்வு, உலோகச் சட்டத்தில் தட்டு ஆடும் யந்திர வகை. விலையும் மலிவு, ஆயுளும் அதிகம். ஆனால் அதை வைத்துக்கொண்டவர் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டும், அடிக்கடி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கர்ப்பந்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு அந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கும் ஆபத்து உண்டு. பதனிட்ட உறையில் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷங்களில் அது கெட்டுப்போகிறது, வயது குறைந்தவர் உடம்பில் இன்னும் சீக்கிரமாகவே. கெடுவது எதனால் என்றால், சுண்ணாம்பு படிவதனால்! நோயினால் உறையில் ஏறிய அதே சுண்ணாம்பு, மருந்தாக வந்த உறையையும் விடவில்லை. மாட்டின் திசுவா, பன்றியின் திசுவா என்று நோயாளிகள் கேட்பதும், அவரவர் சமயத்துக்கேற்பத் தயங்குவதும் உண்டு. அதைக் கேட்டறிந்து சொல்வது வைத்தியரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

தன் உறையே தனக்கு உதவுவதும் உண்டு. குழந்தையின் ஹிருதய அறைகளுக்கு இடையே பிறவியில் இருக்கும் துவாரத்தை அடைக்கும்போது, மார்பைத் திறந்தவுடன் அக்குழந்தையின் உறையிலிருந்தே உள்ளங்கையளவு துண்டொன்றை வெட்டியெடுக்கிறார்கள். அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பைத் துடைத்து, சுருங்காதபடி தட்டில் விரித்து, 0.6 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் சுமார் பத்து நிமிஷம் வைக்கிறார்கள். வைத்த சிறிது நேரத்தில் வழவழவென்று நழுவிக்கொண்டிருந்த ஜவ்வு, கஞ்சி போட்ட மெல்லிய துணியாக நின்று கொடுக்கிறது. பிறகு உப்பு நீரில் பலமுறை அலசி, வேண்டிய அளவுக்குக் கத்தரித்துத் தைத்துவிடுகிறார்கள். ஜப்பானில் ஒசாகி என்பவர் 2007 முதல், நோயாளியின் சொந்த உறையிலிருந்தே மூன்று இதழ்களை அளவெடுத்து வெட்டி மகாதமனி வால்வாகத் தைத்து வருகிறார்.

1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் ‘பைபாஸ்’ சிகிச்சையைச் செய்த டாக்டர் கே. எம். செரியன், முகப்பேரில் ஆஸ்பத்திரிகளை நிறுவிய பிறகு, விலங்கின் திசுக்களைப் பதனிடும் ஆராய்ச்சியில் இறங்கினார். அவருடைய குழுவினர் அதைப் பற்றி 2006-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார்கள். புதுவாயலைத் தாண்டி அதே வடக்குச் சாலையில் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால், எளாவூருக்கு அருகே, ‘பிரண்டியர் மெடிவில்’ என்னும் மருத்துவ விஞ்ஞானப் பூங்காவை அவர் அமைத்தார். இரும்பு உருக்கும் உலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் மலிந்த அந்தப் பிரதேசத்தில் ஹிருதயத்துக்கு வேண்டிய திசுக்களையும் செய்யலாம் என்று நினைத்ததே ஒரு தைரியம். 2025 ஜனவரியில் அவர் காலமானார். இத்துறையில் இறங்கியவர்கள் உலகெங்கும் தேடுவது ஒன்றே: மாட்டின் உறையிலிருந்து மாட்டின் உயிரணுக்களை எல்லாம் கழுவிப் போக்கி, நார்ச்சட்டத்தை மட்டும் நிறுத்திக்கொண்டால், நோயாளியின் சொந்த உயிரணுக்கள் அதில் குடியேறிச் சுண்ணாம்பு படியாமல் காக்குமா என்பது. பெரியவர்களுக்குப் பத்து வருஷம் தாங்கினால் போதும் என்று சொல்லிவிடலாம். ஆறு மாதக் குழந்தைக்கு வைக்கும் ஒட்டு அந்தக் குழந்தையோடு கூடவே வளர வேண்டும். அப்படி வளரும் ஒட்டை இதுவரையில் யாரும் முழுமையாகச் செய்து முடிக்கவில்லை.